வெள்ளம் கொண்டுவந்த மாவு மில்

பேச்சிப்பாறை அணையில் தேங்கி நிற்கும் தண்ணீருக்கு அக்கரையில், மலையிறங்கி வரும் ஓடையோரம் ஏழெட்டு வீடுகள் உண்டு. அதில் ஒன்று சகாயசெல்வியின் வீடு. அவளும் கணவன் ராஜையனும் ரப்பர் பால் வெட்டுகிறவர்கள். அங்கே கரண்டு வந்துவிட்டது, ரோடு வரவில்லை. வெளியே போக ஓடைக்கரையோடு பாறை பாறையாக இறங்கி, அணைத் தண்ணீர் தொடங்கும் இடத்தில் படகோட்டி எட்சனின் வள்ளத்தில் ஏற வேண்டும்.

சகாயசெல்விக்குப் புட்டு இல்லாமல் பொழுது விடியாது. அரிசியைச் சுமந்து அக்கரை போய்த் திரித்து வந்தால் அன்றைய வேலை போச்சு. அதனால் பழைய மாவு மில் ஒன்றை விலைக்கு வாங்கிவிட்டாள். லாரிக்காரன் அதை ரோடு முடியும் கரையில், எட்சன் வீட்டு முன்னால் இறக்கிவிட்டுப் போனான். வள்ளத்தில் ஓடைவாய் வரை கொண்டுவரலாம். அதற்குமேல் அந்த இரும்பைப் பாறைகளின் மேல் யார் சுமப்பது? கோடை முழுக்க அது தார்ப்பாய்க்குள் கிடந்தது. அக்கம்பக்கத்தார் கேலி செய்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள். ஆனாலும் போகும்போதெல்லாம் அதைத் தட்டிப் பார்க்காமல் வரமாட்டாள்.

ஐப்பசியில் மழை பிடித்தது. அணைக்குக் கீழே, குழித்துறையிலிருந்து தங்கை லிஜி போன் செய்து, ஷட்டர் திறக்கப் போகிறார்களாம், ஆறு இரைகிறது என்றாள். சாமான்களை மாடிக்கு ஏற்றச் சொன்னாள் சகாயசெல்வி. அவள் வீட்டருகே ஓடையும் அப்படித்தான் இரைந்துகொண்டிருந்தது.

ஒரு காலையில் அந்த இரைச்சல் நின்றது. மழை மட்டும் நிற்கவில்லை. புதிதாக வந்தவர்களென்றால் வெள்ளம் வடிந்ததாக நினைத்திருப்பார்கள். சகாயசெல்விக்குத் தெரியும். அணை நிறைந்துவிட்டால் ஓடைக்கு இறங்கிப்போக இடமிருக்காது. எதிரே நிற்கும் தண்ணீரில் முட்டி, தானும் நின்று, பின்னோக்கி மேலே ஏறும். அணைக்குக் கீழே வெள்ளம் பாய்ந்து வரும். மேலே ஓசையில்லாமல் வந்து நிற்கும்.

குடையோடு வெளியே வந்தாள். பாறை ஒன்றையும் காணோம். குளம் மாதிரி அசையாத தண்ணீர், முற்றத்துக்குக் கீழே ஆட்டுக்கொட்டகையைத் தொட்டுக்கொண்டு கிடந்தது. ஆடுகளை மேலே ஓட்டிக்கொண்டிருந்த ராஜையன், இவள் சிரிப்பதைப் பார்த்துத் திகைத்தான்.

"இஞ்சேருங்க, இப்ப வள்ளம் நம்ம முற்றத்துக்கே வருமே," என்றாள்.

உடனே எட்சனுக்குப் போன் போட்டு, மில்லை ஏற்றிவரச் சொன்னாள்.

"ஷட்டர் தெறந்தா வெள்ளம் வடிஞ்சிராதா அக்கா? பாதி வழியில பாறையில மாட்டிக்கிடுவேன்."

"மேல மழை பெய்யிற வரைக்கும் சட்டுனு வடியாது மக்கா. மழை கொஞ்சம் அடங்கட்டும். அணைப் பக்கம் போகாம கரையோடயே வா."

மத்தியானம் மழை தூறலானது. இரண்டு வள்ளங்களைச் சேர்த்துக் கட்டி, மேலே மூங்கில் பரப்பி, நடுவில் மில்லை நிறுத்திக்கொண்டு எட்சன் வந்தான். அவன் வீட்டுக் கோழி ஒன்று அதன் உச்சியில் உட்கார்ந்திருந்தது. கரையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். எல்லோருமாகக் கயிறு கட்டி இழுத்து மில்லை முற்றத்தில் ஏற்றியபோது ராஜையன் சேற்றில் வழுக்கி உட்கார்ந்தான். அதற்கும் கைதட்டல்தான்.

சாயங்காலம் லிஜி பேசினாள். ஷட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திறந்தார்களாம். தண்ணீர் அவள் வீட்டுக் கீழ்ப்படியோடு நின்றுவிட்டதாம். அதன்பிறகுதான் சகாயசெல்விக்குச் சோறு இறங்கியது.

மழை விட்டது. தண்ணீர் மெல்ல இறங்கிக் கொட்டகை முழுக்கச் சேற்றை விட்டுப்போனது. அதை வாரிக் கொட்டி ராஜையனுக்கு இடுப்பு ஒடிந்தது. மழையில் போன கரண்டு திரும்பி வந்த அன்று மில்லை ஓட்டினார்கள். சகாயசெல்வியின் புருவமெல்லாம் மாவு. அக்கம்பக்கத்தார் ஊறவைத்த அரிசியோடு வரிசையில் நின்றார்கள். எட்சன் புட்டும் பழமும் தின்று முடித்து, இன்னொரு குற்றி புட்டு அவியட்டும் என்று அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.