பிப்ரவரி முப்பது

மனைவியின் வயிற்று ஆபரேஷனுக்குக் ஆஸ்பத்திரியில் காப்பீட்டு அட்டை கேட்டார்கள். மஞ்சக்குட்டையிலிருந்து பஸ் பிடித்து ஏற்காட்டுக் கம்ப்யூட்டர் மையத்துக்குப் போனேன். பெயர், ஊர், வேலை எல்லாம் பதிந்த பெண், பிறந்த தேதியைக் கேட்டார். எனக்கு வருடம் மட்டும்தான் தெரியும். மாசியில், காப்பிச் செடி பூத்த சமயம் என்று அம்மா சொல்லியிருந்தார். பின்னால் வரிசை நின்றது. வெட்கத்தில், "பிப்ரவரி முப்பதுங்க" என்றேன்.

திரையில் சிவப்பு எழுத்து வந்தது.

"ஏனுங்ணா, பிப்ரவரிக்கு ஏதுங்க முப்பது?"

"அண்ணனுக்குன்னு தனியாக் காலண்டர் அடிச்சாங்களாட்ட இருக்குது!" என்றார் வரிசையில் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். அட்டை கிடைக்காது என்று எழுந்துவிட்டேன்.

அந்தப் பெண், "உக்காருங்ணா. தேதிய மட்டுந்தான் கம்ப்யூட்டரு ஏத்துக்கலீங்க. மத்ததெல்லாம் அப்படியே இருக்குதுங்க. தேதி தெரியாதவங்களுக்குன்னே ஒரு கட்டம் இருக்குது. தெரியுமுங்களா, தெரியாதுங்களா?"

"தெரியாதுங்க" என்றேன். வருடத்தை மட்டும் போட்டார். விண்ணப்பம் ஏறியது.

தெரியாது என்றால் வெளியே அனுப்பிவிடுவார்கள் என்றுதான் அதுவரை எதையாவது சொல்லிச் சமாளித்து வந்தேன். பஸ்ஸில் திரும்பும்போது, அப்படிச் சொன்னவை ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னதாக மனைவியிடம் சொன்னதும் அவற்றில் ஒன்று. டாக்டரிடம் நான் எதுவும் கேட்டதே இல்லை.

மறுநாள் போய்க் கேட்டேன்.