முதல் கிளாஸ் டீ

சார், பேய் பிசாசுன்னு யாராவது ஆரம்பிச்சா, போய் வேலயப் பாருங்கன்னு சொல்ற ஆளு நானு. நீங்க சிரிச்சாலும் பரவால்ல, நடந்ததச் சொல்றேன்.

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டாண்ட பழைய ஓட்டலு ஒண்ணு இருந்துச்சி. மொதல்ல வண்டிக்காரங்களுக்கு சோறு போட்ட எடம், அப்பறம் லாட்ஜி, கடைசியா டீயும் டிபனும். எங்க ஜனத்த உள்ள ஒக்கார விடாத காலமும் அதுக்கு உண்டு, பின்னாடி சந்துல நின்னுதான் குடிக்கணும்னு எங்க மாமியா சொல்லும். அதே ஓட்டல்ல எங்க வூட்டுக்காரரு டீ மாஸ்டரா நின்னாருன்னா எங்களுக்கு எவ்ளோ பெரும தெரியுமா.

காலைல மொதல் கிளாஸ யாருக்கும் குடுக்க மாட்டாரு, வாசப்படில ஊத்திடுவாரு, டீக்கடைல அது ஒரு பழக்கம். ரெண்டாவது கிளாஸ் எனக்கு. எங்க ஊரு பெருநகர்லேந்து மொத பஸ்ல சித்தாள் வேலைக்கு வருவேன், "இந்தா, சூடா குடி"ம்பாரு. கொரோனாவுல ஓட்டல மூடிட்டாங்க. வேல தேடி பெங்களூர் போனவரு போனவருதான், போனும் எடுக்கல, தேடாத எடமில்ல. "பொட்ட அழி, காரியத்த முடி"ன்னு கொழுந்தன் பேஜார் பண்ணிக்கினே இருந்தான்.

போன வருஷம் அந்தக் கட்டடத்த இடிக்கற வேலைக்கே என்ன கூப்ட்டாங்க. வயித்துக்கு வேற இன்னா பண்றது, போனேன். தெனம் காலைல பாத்தா வாசப்படில டீ ஊத்தி ஈரமா கீது, ஆவி வேற வருது. உள்ள கரண்டு இல்ல, அடுப்பு இல்ல. எனக்கு ஒரே சந்தோசம் சார். வேல கெடைக்காம வெக்கப்பட்டுக்கினு எங்கியோ மறைஞ்சி இருக்காரு, வந்து ஊத்திட்டுப் போறாருன்னு நெனச்சேன். கையப் புடிச்சி இட்டுக்கினு போய் கொழுந்தன் முன்னாடி நிறுத்தணும்னு ஒரு நாள் மொத ஆளா வந்து எதுருல ஒக்காந்துட்டேன்.

நல்லா வெளிச்சம் வந்துடுச்சி, பூக்காரம்மா கூட கட போட்டாச்சி. நான் கண்ண எடுக்கல. யாருமே வரல சார், காஞ்ச படில டீ ஊத்துது. மேலேந்து கீழ, நூலாட்டம். கிளாஸும் இல்ல, கையும் இல்ல. அவரு போடற அதே இஞ்சி வாசன.

உயிரோட கீற மனுசன் ஊத்தினா கை தெரியணும் இல்ல? அங்கியே எனக்கு நம்பிக்க வுட்டுப்போச்சி. "யோவ், என் கிளாஸ் எங்கய்யா?"ன்னு கத்திட்டேன். பூக்காரம்மா ஓடியாந்து, "இன்னாம்மா, யாராண்ட பேசிக்கினு கீற?"ன்னா. ஈரம் அவ கண்ணுக்கும் தெரிஞ்சிது.

இப்ப அங்க செல்போன் கட, வாசல்ல டைல்ஸ் படி, அதுவும் தெனம் காலைல ஈரமா கீது. நாய் பண்ற வேலன்னு திட்டிக்கினே வாட்ச்மேன் தெனம் அதக் கழுவறாரு. நான் குனிஞ்சி மோந்து பாக்கறேன், இஞ்சி வாசன. செத்துட்டாருன்னு எனக்குத் தெரியும் சார். ஆனா பொட்ட அழிக்கல. அந்த ரெண்டாவது கிளாஸுக்கு இன்னும் நின்னுக்கினுதான் கீறேன்.