பட்டன் கணக்கு

அம்மா தன் முதுகைத் தானே பார்த்ததில்லை. யார்தான் பார்த்திருக்கிறார்கள்? ஆனால் அது கவனிப்பார் இல்லாமல் கிடந்த முதுகு அல்ல. ஆய்வு நிலையத்தில் அவள் வெளிவேலைக்குப் போகத் தொடங்கியதிலிருந்து அப்பா சாகும்வரை, மலைச்சரிவுக்குப் போய்வந்த ஒவ்வொரு சாயங்காலமும் டார்ச் வெளிச்சத்தில் அங்குலம் அங்குலமாகப் பார்க்கப்பட்ட முதுகு அது.

அம்மாவின் வேலை நிலையத்துச் சோதனைக்கு உண்ணி பிடிப்பது. காட்டோரப் புல்லில் ஒரு வெள்ளைத் துணியைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு நடக்க வேண்டும். மானோ மாடோ போகிறது என்று நினைத்து உண்ணிகள் துணியில் தொற்றிக்கொள்ளும். கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை துணியைப் புரட்டி, இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துக் குப்பியில் போட வேண்டும். உண்ணிக் குஞ்சு எள்ளைவிடச் சிறியது. அது துணியில் இருக்கிறதா, அல்லது புல்விதையா என்று மற்றவர்கள் குனிந்து பார்க்கும் நேரத்தில் அம்மா அதை எடுத்துப் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போயிருப்பாள்.

முதலில் அவள் அங்கே எலிக்கூண்டு கழுவத்தான் சேர்ந்தாள். ஒருநாள் வெளிவேலைக்கு ஆள் குறைந்தபோது ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். திரும்பி வந்தபோது அவள் குப்பிதான் நிறைந்திருந்தது. அதன்பிறகு எலிகளுக்கு வேறு ஆள் பார்த்துக்கொண்டார்கள்.

பஸ்ஸில் அவளுக்கு எப்போதும் இடம் கிடைத்தது. பக்கத்தில் உட்காரத்தான் ஆள் இல்லை.

"உண்ணியம்மா வந்தாச்சு, தள்ளி உக்காருங்க" என்று யாராவது கிண்டல் செய்வார்கள்.

"பயப்படாதீங்க, எங்கிட்ட இருக்கறதெல்லாம் மூடி போட்ட குப்பியில இருக்கு. உங்க வீட்டு நாய் மேல இருக்கறதுக்குத்தான் மூடி இல்ல" என்பாள் அம்மா. அத்துடன் பஸ் முழுக்க ஒருமுறை சொறிந்துகொள்ளும்.

நிலையத்தில் ஒரு விதி உண்டு. சரிவிலிருந்து இறங்கியதும் இரண்டிரண்டு பேராக ஒருவர் உடம்பை ஒருவர் பார்க்க வேண்டும். ஆண்கள் ஜீப் கொட்டகைக்குப் பின்னால் சட்டையைக் கழற்றிக்கொண்டு நிற்பார்கள். வெளிவேலைக்குப் பெண் என்று அம்மா ஒருத்திதான். அதனால் அவளுடைய சோதனை வீட்டில் நடந்தது. பார்ப்பவர் அப்பா.

அப்பா தையல்காரர். அம்மா இழுக்கும் துணிகளுக்கு ஓரம் மடித்து, உள்ளே ஈயக்குண்டு வைத்துத் தைத்துக் கொடுத்தவரும் அவர்தான். ஊசிக் காதைத் தேடாமல் நூல் கோக்கிற கண். அம்மாவின் முதுகில் இருந்த மச்சங்களை அவர் பட்டன் என்பார். "இது காலர் பட்டன். இது கோணலா தச்ச பட்டன், எவனோ அரைகுறைத் தையல்காரன் வேலை" என்று தொட்டுத் தொட்டுச் சொல்லிக்கொண்டே வருவார். குளியலறைக்குள்ளிருந்து அம்மா சிரிக்கும் சத்தம் கேட்கும். கடைசியில் ஒவ்வொரு நாளும் அதே தீர்ப்பு: "பட்டன் எல்லாம் சரியா இருக்கு. கூடவும் இல்ல, குறையவும் இல்ல. ரவிக்கையப் போடு."

மகள் இதைக் கேட்டு வளர்ந்தாள். படித்து முடித்து அதே நிலையத்தின் கீழ்த்தளத்தில் வேலைக்கும் வந்தாள். அம்மா மேலே புல்லில் பிடித்ததை மகள் கீழே அரைத்துச் சோதனைக்குத் தயார் செய்வாள். ஜீப் ஓட்டுநர் அதைக் குடும்பத் தொழில் என்பார்.

அப்பா இதய நோயில் போனார். கடையில், மெஷின் மேலேயே சாய்ந்தபடி. மிதியில் வைத்த கால் மிதியிலேயே இருந்தது.

காரியங்கள் முடிந்து அம்மா வேலைக்குத் திரும்பினாள். வேண்டாம் என்றால் கேட்கவில்லை. "வீட்ல உக்காந்தா அந்தக் கடைச் சாவியையே பார்த்துட்டு இருப்பேன்" என்றாள். தனியாக இருந்த மகள் துணிமணிகளுடன் அம்மா வீட்டுக்கே வந்துவிட்டாள். டார்ச் இப்போது அவள் கைக்கு வந்தது.

அந்த வருடம் சரிவிலிருந்து வந்த உண்ணிகள் அவளை உறங்கவிடவில்லை. இரண்டு நோய்களைத் தேடித்தான் அவற்றைச் சோதித்தார்கள். ஒன்று பாக்டீரியாவால் வருவது, மாத்திரைக்குக் கட்டுப்படும். இன்னொன்று வைரஸ், அதற்கு மருந்து இல்லை. உடம்பாகத் தாங்கினால் உண்டு, இல்லாவிட்டால் ரத்தம் கசிந்து உயிர் போகும். இரண்டும் தலைவலியும் காய்ச்சலுமாக ஒரே முகத்தோடுதான் வரும். முன்பெல்லாம் அத்தி பூத்தாற்போல எட்டிப் பார்த்த வைரஸ், இந்தப் பருவத்தில் அடிக்கடி தலைகாட்டியது. எந்தச் சரிவு என்று குப்பியின் மேல் எழுதியிருக்கும். எழுத்து அம்மாவுடையது.

முதல் நாள் அம்மா குளியலறையில் முதுகைக் காட்டி நின்றாள். மகளுக்குக் கை ஓடவில்லை. அம்மாவை இப்படி அவள் பார்த்ததே இல்லை. விளக்கு மங்கல். தோள்பட்டைக்குக் கீழே, உள்ளாடைப் பட்டை அழுந்தும் இடத்தில் கரும்புள்ளி ஒன்று தெரிந்தது.

"இங்க ஒன்னு இருக்கும்மா."

"பட்டனா இருக்கும்டி. அந்தப் பக்கம் ஒன்னு இருக்குன்னு அப்பா சொல்வார்."

அந்தச் சொல்லைக் கேட்டதும் மகளுக்குக் கண் நிறைந்துவிட்டது. நிறைந்த கண்ணுக்குப் புள்ளிக்கும் பூச்சிக்கும் வித்தியாசம் தெரியாது. விரலால் நெருடிப் பார்த்திருக்க வேண்டும். டார்ச்சைக் கிட்டே கொண்டுபோயிருக்க வேண்டும். புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு அவளே சொல்லிக்கொடுக்கிற பாடம் இது.

"சரி, போட்டுக்கோ" என்று சொல்லிவிட்டு விளக்கை அணைத்தாள். அடுத்த நாட்களிலும் அதைப் பட்டன் என்றே தாண்டிப் போனாள்.

அடுத்த வாரம் அம்மா டீயைப் பாதியில் வைத்தாள். அம்மா டீயை மிச்சம் வைத்து மகள் பார்த்ததில்லை.

"தலை வலிக்குது. வெயில்தான்."

"வெயிலே இல்லையேம்மா."

"அப்ப வெயில் இல்லாததனால வலிக்குது. ஆளை விடு."

மத்தியானம் உடம்பு கொதித்தது. மகள் ஈரத்துணியால் முதுகைத் துடைத்தாள். ஜன்னல் வெளிச்சம் நேராக விழுந்தது. துடைத்துக்கொண்டே வந்த கை தோள்பட்டைக்குக் கீழே நின்றது.

புள்ளியைக் காணோம். அந்த இடத்தில் ஒரு சிவந்த தடிப்பு மட்டும், நடுவில் ஊசி முனை அளவுக்குப் பொருக்கோடு.

மச்சம் எங்கும் எழுந்து போகாது.

"அம்மா, உனக்கு எத்தனை பட்டன்?"

"என்னடி கேள்வி இது."

"சொல்லும்மா. முதுகுல மொத்தம் எத்தனை?"

அம்மா காய்ச்சலிலும் யோசித்துப் பார்த்தாள். "எனக்கு எப்படித் தெரியும்? எண்ணினது அவர். அவருக்குத்தான் தெரியும்" என்றாள். பிறகு அவளுக்கும் விஷயம் புரிந்தது. புரிந்தது என்பது அவள் சிரித்ததில் தெரிந்தது. "என்னடி, ஒன்னு அறுந்து விழுந்துடுச்சா?"

டாக்டர் தடிப்பைப் பார்த்தார், மாத்திரையை உடனே தொடங்கினார், ரத்தத்தை நகரத்துக்கு அனுப்பினார். முடிவு வர நாளாகும். நிலையத்துச் சோதனை மெஷினில் மனித ரத்தம் வைக்க அனுமதி இல்லை.

"மாத்திரைக்குக் கேக்கற நோயா இருந்தா வீட்லயே வச்சுப் பார்த்துக்கலாம். மத்ததா இருந்தா ரத்தம் கசியறதுக்கு முன்னாடி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடணும். ஆனா இந்தத் தலைவலியோட அவ்வளவு தூரம் வண்டியில கொண்டுபோறதும் லேசுல்ல. இப்ப என்னால எதையும் உறுதியா சொல்ல முடியல" என்றார் டாக்டர்.

"கடிச்ச உண்ணி கிடைச்சா?"

"கிடைச்சா வெளிச்சம்தான், அதைச் சோதிச்சா எந்த நோய்னு தெரியும். எங்க போய்த் தேடுவ?"

வயிறு நிறைந்ததும் உண்ணி கழன்று விழுந்துவிடும். விழுந்த இடம் குளியலறை என்றால் தண்ணீரோடு போயிருக்கும். படுக்கை என்றால் வீட்டுக்குள் எங்கோ ஓர் இடுக்கில் ஒடுங்கியிருக்கும். மகள் அறைக் கதவைச் சாத்தினாள். அம்மாவைக் கூடத்தில் படுக்கவைத்துவிட்டு, விரிப்பை உதறாமல் வெள்ளைத் தாளின் மேல் மடிப்பு மடிப்பாகப் பிரித்தாள். மெத்தை ஓரம், போர்வைத் தையல், கட்டில் இணைப்பு, தரைப் பிளவு. ஒவ்வொன்றாகத் தேடினாள். கிடைத்ததெல்லாம் நூல் துணுக்கும் எறும்பின் காலும்தான்.

"என்ன போட்டுப் படுத்தம்மா? படுக்கும்போது என்ன போட்டிருந்த?"

அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அதட்டிக் கேட்டபிறகுதான், கூடத்துக்குக் கையோடு எடுத்து வந்திருந்த தலையணையின் உறையைக் காட்டினாள்.

அப்பாவின் கட்டம் போட்ட சட்டை. அவர் தையல் மெஷின் மேல் சாய்ந்த நாளில் கொடியில் கிடந்தது. அன்றிலிருந்து தண்ணீர் பார்க்கவில்லை. காலரில் அவருடைய எண்ணெய் வாசனை அப்படியே இருந்தது.

"துவைச்சுடாதே" என்றாள் அம்மா.

"துவைக்கலம்மா."

"சத்தியமா?"

"சத்தியமா. தேடத்தான்."

அப்பா தைத்த சட்டை. எங்கே மடித்திருப்பார், எங்கே உள்ளே திருப்பி இரட்டைத் தையல் போட்டிருப்பார் என்று மகளுக்குத் தெரியும். சின்ன வயதில் அவர் கடையில் பிரிக்க வேண்டிய தையலையெல்லாம் அவள்தான் பிரித்தாள். ஜன்னலில் சட்டையைப் பிடித்து ஒவ்வொரு மடிப்பாக நகத்தால் திறந்தாள். கைமடிப்பு, பை. வாசனை முகத்தில் அடிக்கும்போதெல்லாம் மூச்சை அடக்கிக்கொண்டாள்; அழுதால் கண் மறைக்கும். ஒருமுறை மறைத்தது போதும்.

அடிமடிப்பில், தையல் கொஞ்சம் விட்டிருந்த இடத்தில் அது இருந்தது. சாம்பல் நிறம். ஊறின எள் போல உப்பி, காலை மடக்கிக்கொண்டு. மூச்சுக்காற்று பட்டதும் ஒரு கால் அசைந்தது.

கீழ்த்தளத்தில் மெஷின் பார்ப்பவரை எல்லோரும் மெஷின் அண்ணன் என்பார்கள். மகள் கொண்டுபோன குப்பியை அவர் வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"இது எங்கேர்ந்து?"

"அம்மா மேலேர்ந்து."

அவர் கையுறையை எடுத்தார். மகளும் எடுத்தாள்.

"நீ எதுக்கு? வெளிய போய் உக்காரு."

"நானும் இருக்கேண்ணா."

"உன் கையைப் பார். ட்யூபுல ஊத்தறதுக்குப் பதிலா என் மேல ஊத்துவ. ஒரு துளி சிந்தினாலும் இன்னொரு உண்ணிக்கு எங்க போறது? போம்மா."

அவள் படிக்கட்டில் உட்கார்ந்தாள். கதவுக்குள் நடப்பது ஒவ்வொன்றும் அவளுக்குத் தெரியும். இப்போது அரைக்கிறார். இப்போது சுழலும் மெஷினில் வைக்கிறார். இப்போது திரையில், நோய்க்கு ஒன்றாக, கோடுகள் தரையோடு தரையாகத் தொடங்கும். நோய் இருந்தால் கோடு தலை தூக்கும். எத்தனை கோடுகள் எழுவதைப் பார்த்து அவள் மகிழ்ந்திருக்கிறாள்! நல்ல முடிவு, தெளிவான முடிவு என்று சொல்லி அச்செடுத்திருக்கிறாள். இப்போது அந்த வைரஸ் கோடு படுத்தே கிடக்க வேண்டும் என்று, எதையும் வேண்டிக்கொள்ளும் பழக்கம் இல்லாத அவள், யாரிடம் என்று தெரியாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். கூடத்தில் அம்மாவோடு ஜீப் ஓட்டுநரின் மனைவியை இருத்திவிட்டு வந்திருந்தாள். போன் அடித்தபோது எடுக்கப் பயந்து, பிறகு எடுத்தாள்.

"தூங்கி முழிச்சாங்க. தண்ணி குடிச்சாங்க. சட்டையைக் குடுன்னு கேக்கறாங்க, எந்தச் சட்டை?"

"நான் கொண்டுவரேன்க்கா."

கதவு திறந்தது. மெஷின் அண்ணன் நெற்றியை முழங்கையால் துடைத்துக்கொண்டார்.

"வைரஸ் கோடு படுத்த படுக்கை. எழுந்திருக்கவே இல்ல. மத்தது நல்லா நிமிர்ந்து நிக்குது. மாத்திரைக்குக் கேக்கற ஜாதி."

அவள் எழுந்திருக்கவில்லை.

"சந்தோஷப்படேம்மா."

"ஒரு உண்ணிதான் கடிச்சுதுன்னு யார் சொன்னாண்ணா?"

அவர் பக்கத்தில் படியில் உட்கார்ந்தார். அதற்குச் சோதனை இல்லை என்று இருவருக்கும் தெரியும்.

வீட்டுக்குப் போனதும் அம்மாவை உச்சி முதல் உள்ளங்கால்வரை, கேசத்தை வகிடு வகிடாகப் பிரித்துப் பார்த்தாள். இன்னொரு கடி இல்லை. டாக்டரிடம் சொன்னாள். பெரிய ஆஸ்பத்திரிப் பயணம் வேண்டாம் என்று அவர் முடிவு செய்தார், ஈறில் ஒரு சொட்டு ரத்தம் கண்டாலும் கிளம்பிவிட வேண்டும் என்ற கட்டளையோடு. அதனால் விழித்தபோதெல்லாம் அம்மா வாயைத் திறந்து காட்ட வேண்டியிருந்தது.

"மாடு வாங்க வந்தவன் மாதிரி பல்லைப் பிடிச்சுப் பாக்கறா" என்று ஓட்டுநரின் மனைவியிடம் முறையிட்டாள்.

காய்ச்சல் மெல்ல இறங்கியது. அம்மா டீயை முழுசாகக் குடித்தாள். நகரத்திலிருந்து வந்த ரத்த முடிவும் உண்ணி சொன்னதையே சொன்னது.

தெம்பு வந்ததும் அம்மா பூட்ஸைத் தேடினாள். மகள் அதை ஒளித்துவைத்திருந்தாள். பெரிய சண்டை நடந்தது.

"சரிவுல வைரஸ் ஏறிக்கிட்டே போகுதும்மா. என் கண்ணால பாக்கறேன்."

"ஏறுதுன்னு உனக்கு எப்படித் தெரியும்? நான் பிடிச்சுக் குடுத்ததனால தெரியும். நான் போகலேன்னா அது ஏறறதை விட்டுடுமா? உனக்குத் தெரியறதுதான் நின்னுபோகும்."

"எனக்கு நீ இருந்தா போதும்."

அம்மா திரும்பி உட்கார்ந்து ரவிக்கைக் கொக்கிகளைக் கழற்றினாள். "அப்ப ஒழுங்கா பாரு" என்றாள்.

மகள் கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டாள். குப்பிகளின் மேல் எழுதுகிற, தண்ணீருக்கு அழியாத பேனாவை எடுத்து வந்தாள். ஒவ்வொரு மச்சத்தையும் விரலால் நெருடி, மச்சம்தான் என்று உறுதியான பிறகு சுற்றி ஒரு வட்டம் போட்டாள்.

"கூசுதுடி. அவர் இப்படியெல்லாம் கிறுக்க மாட்டார்."

"அவருக்கு மனப்பாடம். எனக்கு இன்னும் ஆகல. அசையாதே."

காலர் பட்டன் கிடைத்தது. கோணல் பட்டனும் கிடைத்தது. அது உண்மையிலேயே கோணல்தான். ஆறின தடிப்பின் மேல் வட்டம் போடாமல் ஒரு பெருக்கல் குறி போட்டாள்.

"எத்தனை?" என்றாள் அம்மா.

"இரு. இன்னொரு தடவை எண்ணிக்கறேன்" என்றாள் மகள். காலர் பட்டனிலிருந்து மறுபடி தொடங்கினாள்.