என் கைக்குள் கழன்ற மூட்டு

நாற்பது வயது ஆவதற்குள் முடக்குவாதம் என் வலது முழங்கையை அரித்துத் தீர்த்துவிட்டது. கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளியில் நான் ஆசிரியை. கரும்பலகைக்குக் கை எழும்பவில்லை. எண்பதுகளின் நடுவில் கோலாலம்பூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் முழங்கையைத் திறந்து உலோக மூட்டு வைத்தார்கள். இரண்டு மூன்று வருடம் நிம்மதியாக இருந்தேன். என் தலையை நானே வாரிப் பின்னிக்கொண்டேன்.

பிறகு வேறு மாதிரி வலி வந்தது. கதவுப் பிடியைத் திருப்பினால், தேத்தண்ணி ஊற்றினால், மேல்கைக்குள் ஏதோ நகர்ந்தது. மூட்டு வைத்த டாக்டரிடமே போனோம். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் ஒரு கணம் பிடித்துப் பார்த்துவிட்டு அவர் என் கணவரிடம் பேசினார். மூட்டு நன்றாக இருக்கிறதாம். வீட்டு வேலையைக் குறைத்துக்கொள்ளச் சொல்ல வேண்டுமாம். சில பெண்களுக்கு வலி மனசில்தான் இருக்குமாம். நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கிறேன், என் கை மேசைமேல் கிடக்கிறது, அந்த மனிதர் என் முகத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

என் கணவர் போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்கில் கணக்கெழுதும் கிராணி. படித்தவர் சொன்னால் அவருக்கு அது வேதம். "டாக்டரே ஒண்ணும் இல்லன்றாரு லா. நீயா நெனச்சு நெனச்சுப் பெருசாக்கிக்கிற" என்றார். அடுத்தடுத்த வருடங்களிலும் போய்ப் படம் எடுத்தோம், அதே பதில்தான். கடைசியில் டாக்டர் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதைக் கழிவறையில் கொட்டித் தண்ணீரை இழுத்துவிட்டேன்.

ஒரு பள்ளி விடுமுறையில் ஈரப் போர்வையைப் பிழிந்தபோது முழங்கைக்கு மேலே எலும்பு முறிந்தது. அலறிக்கொண்டே தரையில் உட்கார்ந்தேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், அந்த வலிக்குள்ளும் எனக்கு ஒரு வெறிபிடித்த திருப்தி இருந்தது. இப்போது எவனாவது மனசு என்று சொல்லட்டும், பார்ப்போம்.

இந்தத் தடவை வேறு மருத்துவமனைக்குப் போனோம். அங்கிருந்த சீன டாக்டர் நாங்கள் கொண்டுபோன பழைய படங்களையெல்லாம் வரிசையாக மாட்டி, என்னை எழுந்து வந்து பார்க்கச் சொன்னார். எலும்புக்கும், மூட்டைப் பிடித்து நிறுத்த உள்ளே பூசிய சிமெண்டுக்கும் நடுவே ஒரு கறுப்புக் கோடு தெரிந்தது. ஒவ்வொரு படத்திலும் அது அகலமாகிக்கொண்டே வந்தது. மூட்டு கழன்று, ஆடி ஆடி எலும்பை உள்ளிருந்தே தேய்த்திருக்கிறது. கடைசிப் படத்தில் மேல்கை எலும்பு முட்டை ஓடு மாதிரி இருந்தது. எனக்கே தெரிந்தது அந்தக் கோடு.

மூட்டை எடுத்துவிட்டு அப்படியே விட்டால் கை பிடிப்பில்லாமல் தொங்கும் என்றார். மறுபடி வைப்பதென்றால் எலும்புக்குள் ஆழமாக இறங்கும் நீளமான உலோகத் தண்டு வேண்டும். தேய்ந்த இடத்துக்கு என் இடுப்பிலிருந்து கொஞ்சம் எலும்பு, போதாததற்கு இறந்துபோன யாரோ தானமாகத் தந்த எலும்பு. சீழ் பிடிக்கலாம், நரம்பு அடிபடலாம், எதையும் அவர் மறைக்கவில்லை.

"செத்தவங்க எலும்பா? வேணாம்மா, வீட்டுல சாமி இருக்கு" என்றார் என் கணவர்.

"அப்போ கையத் தொங்கப் போட்டுக்கிட்டுக் கும்பிடவா?" என்று கேட்டேன். சம்மதத் தாளில் இடது கையால் கோணலாகக் கையெழுத்துப் போட்டேன்.

பழைய சிமெண்டைத் துணுக்குத் துணுக்காகப் பெயர்த்து எடுக்கவே பாதிப் பகல் போனதாம். பல மாதம் கை கவசத்துக்குள் இருந்தது. எலும்பு ஒட்டிக்கொண்டது. கை வாய்வரை மடங்குகிறது, முழுதாக நீளவில்லை. சுண்டுவிரலும் பக்கத்து விரலும் இன்றுவரை மரத்துக் கிடக்கின்றன. கனமான எதையும் அந்தக் கையால் தூக்கக் கூடாது.

கை மடங்கத் தொடங்கியதும் புதிய படத்தோடு பழைய டாக்டரைப் பார்க்கப் போனேன். கணவர் தடுத்துப் பார்த்தார், பிறகு கூடவே வந்தார். டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, மூட்டு கழல்வது உலகம் முழுக்க நடப்பதுதான் என்று மறுபடியும் என் கணவரிடமே சொன்னார்.

"டாக்டர், கை என்னோடது. என்னயப் பாத்துப் பேசுங்க" என்றேன். "கழண்டதுக்கு நான் சண்டைக்கு வரல. கழண்டுக்கிட்டு இருந்தது படத்துல தெரிஞ்சிச்சா, இல்லையா? அப்பவே எடுத்திருந்தா என் எலும்பு மிஞ்சியிருக்கும்."

வெளியே ஆள் காத்திருக்கிறார்கள் என்றார் டாக்டர்.

"இவங்க கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க" என்றார் என் கணவர். டாக்டர் மணியை அடித்துத் தாதியைக் கூப்பிட்டார். அடுத்த ஆளை அனுப்பச் சொன்னார்.

பிரிக்ஃபீல்ட்ஸ் பஸ் நிறுத்தம் வரை நடந்தே வந்தோம். பஸ்ஸுக்கு நின்றபோது, தானும் என்னை நம்பாமல் போய்விட்டதாகக் கணவர் சொன்னார். ஆமாம், நம்பவில்லை என்றேன். பரவாயில்லை என்ற வார்த்தையை அவர் எதிர்பார்த்தது முகத்தில் தெரிந்தது. எனக்கு அது வரவில்லை. கிள்ளான் பஸ் வந்ததும் முன்னால் ஏறி, ஜன்னலோரம் தனியாக உட்கார்ந்துகொண்டேன்.