இலையைத் தின்னச் சொன்ன கடை

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஐந்து பெற்றேன். செத்துப்போன கொழுந்தன் பிள்ளைகள் இரண்டையும் சேர்த்து ஏழு வளர்த்தேன். எழுத்து எனக்கு ஊர்ந்துதான் வரும். வரட்டும், எனக்கென்ன அவசரம்.

அந்த ஏழுக்கும், அதுகள் பெற்றதுகளுக்கும் பொங்கிப் போட்ட கை இது. எனக்கென்று ஒரே ஓர் ஆசை இருந்தது. நான் கரண்டியைத் தொடாமல், இன்னொருத்தர் பொங்கி, கேட்டுக் கேட்டுப் பரிமாற, ஒரு வேளை வயிறாரச் சாப்பிட வேண்டும். கல்யாணப் பந்தியில்கூட, சாம்பாருக்கு உப்புப் பார்க்க என்னைத்தான் பாதியில் எழுப்புவார்கள்.

தென்காசியில் வேலை பார்க்கிற பேத்திக்கு இது தெரியும். சாரல் விழுந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து நின்றாள்.

"ஆச்சி, இன்னைக்கு அடுப்பு பத்த வைக்காதீங்க. குத்தாலம் ரோட்டுல கொரியாக்காரன் கடை வந்திருக்கு. நீங்க ராணி மாதிரி உக்காருங்க, எல்லாம் தேடி வரும்."

ராணி என்றதும் பட்டுச் சேலையை எடுத்துக் கட்டினேன்.

வாசலில் பெரிய மீசை வைத்த ஒருவர் இடுப்பு வரைக்கும் குனிந்து வரவேற்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கொரியாவில் எந்த ஊர் என்று கேட்டேன்.

"சிவகிரி, ஆச்சி."

"சமைக்கவரு?"

"அவரு இலத்தூரு."

கொரியா இவ்வளவு பக்கம் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று.

முதலில் குட்டிக் குட்டிக் கிண்ணங்கள் வந்தன. ஒவ்வொன்றிலும் காக்காய்க்கு வைப்பதுபோல ஒரு துளி. ஒன்றில் முட்டைக்கோஸ் மிளகாயில் புரண்டு புளித்துக் கிடந்தது.

"இது கெட்டுப்போச்சே, தம்பி."

"புளிக்கத்தான் வச்சிருக்கோம், ஆச்சி."

எங்கள் வீட்டிலும் சில நாள் அப்படிப் புளிக்கும். அதை விருந்தாளிக்கு வைப்பதில்லை.

அடுத்து ஒரு தட்டில் பச்சை இலைகள் வந்தன. உள்ளங்கை அகலம்தான் இருந்தன. பாவம், அவர்கள் நாட்டில் வாழை கிடையாதாக்கும் என்று நினைத்து, ஒன்றை எடுத்து முன்னால் விரித்தேன். தண்ணீர் தெளித்துத் துடைத்தேன். பரிமாற வருவார்கள் என்று நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

மீசைக்காரர் வந்தார். மேசை நடுவில் இருந்த அடுப்பைப் பற்றவைத்தார். பச்சைக் கோழிக்கறி ஒரு தட்டு, ஓர் இடுக்கி, ஒரு கத்தரிக்கோல் வைத்துவிட்டுப் போயே போய்விட்டார்.

"ஏட்டி, இத யாரு வேக வைக்கது?"

"நாமதான், ஆச்சி. அதுதான் இங்க விசேஷம்."

அவள் ஒரு கையில் போனைப் பார்த்துக்கொண்டு மறு கையால் புரட்டினாள். கறி ஒரு பக்கம் கரிந்தது, மறுபக்கம் பச்சையாகவே இருந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு இடுக்கியை வாங்கினேன். அடுத்த மேசைப் புதுப்பெண் எட்டிப் பார்த்து, "ஆச்சி, எங்களுது வெந்துட்டான்னு பாருங்களேன்" என்றாள். அதையும் பார்த்தேன்.

வெந்த கறியை இலையில் வைத்துச் சோற்றுக்குக் காத்திருந்தபோது மீசைக்காரர் ஓடி வந்தார்.

"ஆச்சி, இலையோட சுருட்டி வாயில போடணும்."

"சாப்பிட்ட இலைய நாங்க மாட்டுக்குல்லா போடுவோம். இங்க மாடும் நான்தானா?"

அதற்கும் அவர் குனிந்தார். குனியப் பழக்கியிருக்கிறார்கள், பரிமாறப் பழக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பேத்தி வயிற்றைத் தடவினாள். "ஆச்சி, ரெண்டு தோசை ஊத்துங்களேன்."

நான் நாற்காலியை விட்டு அசையவில்லை. "அடுப்பு பத்த வைக்காதீங்கன்னு சொன்னவ நீதான? மாவு இருக்கு, ஊத்து. நான் ராணி."

முதல் தோசை கிழிந்தது. அடுத்தது கருகியது. அதைத்தான் எனக்கு வைத்தாள். உப்பு இல்லை. நான் எழுந்துபோய்ப் பார்க்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. அவள் கரண்டியோடு அடுப்படி வாசலில் வந்து நின்று, "இன்னொண்ணு வைக்கட்டா, ஆச்சி?" என்று கேட்டாள். வை என்றேன். அதையும் தின்று முடித்தபின்தான் கை கழுவினேன்.

ஏட்டி, போன வச்சிட்டு இங்கன வா. எழுதுனத சத்தமா வாசி, கேப்போம். எழுத்துல பிழை இருந்தா திருத்து. தோச கருகுன இடத்துல மட்டும் கைய வச்சிராத.