ஞானத்தகப்பன் கேட்டால்

ஜொய்சியை வயோதிபர் இல்லத்துச் சமையலறையில்தான் முதலில் கண்டேன். விழுங்க முடியாதவர்களுக்குச் சாப்பாடு அரைப்பது அவள் வேலை. கரட்டையும் கோழியையும் ஒன்றாகப் போட்டு அரைக்கமாட்டாள். தனித்தனியாக அரைத்து, தட்டிலும் தனித்தனியாக வைப்பாள். நான் அங்கே பராமரிப்பு வேலையில் இருந்தேன். அவளுடைய தட்டு வந்தால் ஊட்டுகிற வேலை பாதியாகும்.

போன வருடம் அவளுக்கு சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ பல்கலைக்கழக வளாகத்தில் உணவியல் மேற்படிப்புக்கு இடம் கிடைத்தது. அந்தச் சந்தோஷம் வங்கிக்குப் போகுமட்டும்தான். அவள் முன்பே வங்குரோத்தானவள், கடன் கட்ட வழியில்லை என்று சட்டப்படி அறிவித்தவள். வங்கிக்காரி கணினியைப் பார்த்துவிட்டு, பிணைக்கு ஒருவர் வேண்டும் என்று மரியாதையாகச் சொன்னாள்.

வங்குரோத்துக்குக் காரணம் றெனோல்ட். மன்னாரில் அவளுடைய ஞானஸ்நானத்தில் அவளை ஏந்தி நின்ற ஞானத்தகப்பன். இந்தக் குளிர்நாட்டுக்கு வந்து பலசரக்குக் கடை போட்டபோது அவளைக் கையெழுத்து வைக்கச் சொன்னார். ஞானத்தகப்பன் கேட்டு மாட்டேன் என்ற பிள்ளையை எங்கள் கோயில் பங்கில் நான் கண்டதில்லை. என்ன தாள் என்றுகூட அவள் கேட்கவில்லை. கடை மூடியது, கடன் அவள் தலையில் விழுந்தது. வீடு மனைவி றோஸ்மேரியின் பெயரில் இருந்ததால் தப்பியது. ஜொய்சியிடம் இருந்தது நல்ல பெயர் மட்டும்தான். அது போய்விட்டது.

பல்கலைக்கழக நிதி உதவி அலுவலகத்துக்கு நானும் கூடப் போனேன். கடை விவகாரம் அரசாங்க மாணவர் கடனுக்குத் தடையில்லை என்றார்கள். தடை, முதற்பட்டத்துக்கு எடுத்த பழைய மாணவர் கடன். வங்குரோத்தோடு அதுவும் அழிந்தது என்று நினைத்து அவள் கட்டாமல் விட்டிருந்தாள். இந்த நாட்டுச் சட்டப்படி, படிப்பு முடிந்து ஏழு வருடம் ஆகுமுன் வங்குரோத்தானதால் அது அப்படியே நின்றது. தவணை பேசி அதை ஒழுங்காக்கிவிட்டுத் திரும்ப விண்ணப்பிக்கலாம், இடத்தை அடுத்த வருடத்துக்குத் தள்ளிவைக்கலாம் என்றார்கள்.

"ஒரு வருசம்தானே. அரைச்சுக்கொண்டு இரு," என்றேன். அவளும் சரி என்றுதான் சொன்னாள்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து மண்டபத்தில் தேத்தண்ணி. தன் பேரனுக்கு ஜொய்சிதான் ஞானத்தாயாக நிற்கவேண்டும் என்று றெனோல்ட் எல்லோர் முன்னும் கேட்டார். சனம் கை தட்டியது. பேந்து எங்கள் மேசைக்கு வந்து இருந்தார்.

"வங்கிக்கு றோஸ்மேரி பிணை நிப்பா, பிள்ளை. நீ இந்த வருசமே படி. வாற காசிலை கொஞ்சத்தை ரெண்டு மாதத்துக்கு எனக்குக் கைமாத்தாத் தா."

இல்-பிசார் தீவில் புதிதாக ஒரு கடை பார்த்திருக்கிறாராம்.

"அங்கை பஸ்ஸே குறைவு. உங்கடை கத்தரிக்காய்க்கு ஆர் நீந்தி வாறது?" என்று கேட்டேன்.

"அங்கை எல்லாம் கார்க்காரர், அக்கா," என்று சிரித்தார். றோஸ்மேரி சிரிக்கவில்லை. தலை நிமிராமல் வெறும் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும், பிள்ளையைத் தூக்கு, தாளைத் தொடாதே என்று ஜொய்சிக்குச் சொன்னேன்.

"அந்தப் பிள்ளைக்கு ஞானத்தாயா நிண்டுகொண்டு, அந்த வீட்டுக்கு எப்பிடி அன்ரி இல்லையெண்டு சொல்லுறது?"

ஞானஸ்நானம் நடந்த கிழமையே கையெழுத்தும் நடந்தது. செப்டம்பரில் அவள் வகுப்புக்குப் போனாள். கடையும் திறந்தது. இரண்டு மாதம் கழிந்தது, காசு திரும்பவில்லை. நான் கேட்டபோதெல்லாம் அங்கிள் தருவார் என்றாள்.

என் வேலையில் கண்டது: படுக்கைப்புண் திடீரென்று வருவதில்லை. முதலில் தோல் சிவக்கும். பெப்ரவரியில் அந்தக் கடைக்குப் போனபோது அடுக்குத் தட்டுகளில் தகர ரின்கள் முன்வரிசையில் மட்டும் நின்றன, பின்னால் வெறுமை. உறைபெட்டி ஓடவில்லை. காசுமேசையில் ஜொய்சி இருந்தாள்.

"இண்டைக்கு வகுப்பு இல்லையோ?"

"இருக்கு. அங்கிள் இப்ப வந்திடுவார்."

வரும் வழியில் றோஸ்மேரியின் வீட்டைக் கடந்துதான் வந்திருந்தேன். வாசலில், பனிக்குள் விற்பனைப் பலகை நட்டிருந்தது. யன்னல்களில் திரைச்சீலை இல்லை. அதைச் சொல்லி, உனக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

ஜொய்சி எழும்பிப் போய், தட்டில் எஞ்சியிருந்த மீன் ரின்களை, பின்னாலுள்ள வெறுமை தெரியாதபடி, ஒவ்வொன்றாக விளிம்புக்கு இழுத்து வைக்கத் தொடங்கினாள்.