டிவிக்குள் கதவைத் திறந்தவள்

பால் பாக்கெட்டைப் பிரித்தால் கும்ரான் முதலில் முகர்ந்து பார்ப்பாள். அன்று காலையில் வாங்கியதாக இருந்தாலும் முகர்ந்து பார்ப்பாள். சந்தையில் ஸ்ட்ராபெரிப் பெட்டி வாங்கினால், மேல் வரிசையைத் தூக்கிக் கீழ் வரிசையைப் பார்க்காமல் நகரமாட்டாள். பள்ளிக்கூடச் சமையலறையில் அவளோடு வேலை பார்க்கும் பெண்கள், "அக்கா ஏன் கல்யாணம் பண்ணிக்கல தெரியுமா? மாப்பிள்ளையத் தூக்கி அடியில பாக்க விடமாட்டேன்னுட்டாங்க" என்று சிரிப்பார்கள். அவளும் கூடச் சிரிப்பாள். ஆனால் முதலில் சிரித்தது யார் என்று மனதில் வைத்துக்கொள்வாள்.

அவள் சந்தேகப்படாத உயிர் ஒன்றுதான் இருந்தது. நுருங்ஜி. அதே சமையலறையின் பின்பக்கம், எச்சில் வாளிக்குப் பக்கத்தில் கிடந்த நாய்க்குட்டி. பானை அடியில் தீய்ந்து ஒட்டிய சோற்றின் நிறம், அதனால் அந்தச் சோற்றுக்கு அவள் ஊரில் சொல்லும் பெயரையே வைத்துவிட்டாள். தினமும் வேலை முடிந்து வந்து கதவுப் பூட்டில் நாலு எண்களை அழுத்துவாள். பீப், பீப், பீப், பீப். பூட்டு தன் சின்ன மெட்டைப் பாடி முடிப்பதற்குள் நுருங்ஜி கதவருகே வந்து நிற்கும். வாலை மட்டுமல்ல, மொத்த உடம்பையுமே ஆட்டும்.

அந்த வசந்தத்தில் அவள் வாழ்க்கையில் இரண்டு விஷயங்கள் புதிதாக வந்தன. ஒன்று, அகலமான புது டிவி. பழைய டப்பா டிவி புகை விட்டுச் செத்துப்போயிருந்தது. கடைப்பையன், "நாய் தனியாவா இருக்கு? போட்டு விட்டுட்டுப் போங்கம்மா, துணையா இருக்கும்" என்றான். சீக்கிரம் தேய்ந்து இன்னொன்று வாங்கவேண்டும் என்பதற்காகச் சொல்கிறான் என்று தோன்றியது. இருந்தாலும் நுருங்ஜியின் முகம் நினைவுக்கு வந்ததால் தினமும் போட்டுவிட்டுப் போனாள். இரண்டாவது, கீழ்வீட்டுக்குக் குடிவந்த வொன்ஜே. விடிவதற்குள் வீடு வீடாகப் பார்சல் போடும் வேலை அவனுக்கு. பகலில்தான் தூங்குவான்.

மூன்றாவதாக வந்தது மாடியில் இருக்கும் வீட்டுக்காரம்மா.

"கும்ரான், உன் நாய் காலையில தொண்டை கிழியக் கத்துதாம். கீழ்வீட்டுத் தம்பி தூங்க முடியலைன்னு அழுவாத குறை. எனக்கும்தான் கேக்குது."

"நுருங்ஜியா? அது தும்மக்கூட யோசிக்குமேக்கா!"

"நீ இருக்கறப்ப தும்மாது. நீ போனப்புறம் வந்து கேளு. இந்த மாசத்துக்குள்ள நிறுத்தப் பாரு. இல்லைன்னா எங்கயாவது கொண்டு போய் விட்டுரு. எனக்கும் வருத்தம்தான், என்ன பண்ண?"

அன்று கும்ரானுக்குச் சோறு இறங்கவில்லை. நுருங்ஜியைக் கொண்டு போய் விடுவதா? எங்கே? யாரிடம்? அதன் தலையைத் தடவிக்கொண்டே யோசித்தாள். நாய் சும்மா குரைக்காது. கதவுக்கு வெளியே ஆள் நின்றால்தான் குரைக்கும். அப்படியென்றால் யாரோ நிற்கிறான். பகலில் கட்டடத்தில் இருக்கும் ஆண்பிள்ளை யார்? வொன்ஜே. அவன் வந்த பிறகுதானே இந்தக் குரைப்பே தொடங்கியது? பூட்டு எண்ணைக் கண்டுபிடிக்கப் பார்க்கிறான். தடுக்கிற நாயை முதலில் ஒழித்துக்கட்ட, முறையிடுவது போல் நடிக்கிறான். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது.

மறுநாள் சமையலறையிலிருந்து ஒரு கைப்பிடி மைதாவைக் கொண்டுவந்தாள். அடுத்த நாள் காலை கிளம்பும்போது பூட்டின் எண்கள்மேல் மெல்லியதாகத் தூவினாள். திரும்பி வந்து பார்த்தபோது மாவு அப்படியே இருந்தது.

சமையலறைப் பெண்களிடம் சொன்னாள். "விரல் படலைன்னா ஆள் வரலைன்னுதானேக்கா அர்த்தம்?" என்றாள் ஒருத்தி.

"இல்லடி. மாவு இருக்குன்னு பார்த்துட்டான். அவ்வளவு உஷாரான ஆளு."

கடைசியில் ஒருநாள் லீவு போட்டாள். வழக்கம்போல் டிவியைப் போட்டாள், வழக்கம்போல் பையை மாட்டிக்கொண்டு, வொன்ஜேயின் ஜன்னலுக்கு நேராகச் செருப்பைத் தேய்த்து நடந்தாள். தெருமுனை வரை போய், பின்வழியாக வந்து, செருப்பைக் கையில் பிடித்தபடி மாடிப்படி ஏறினாள். தன் கதவுக்கு மேலே உள்ள படித்திருப்பத்தில் குந்திக்கொண்டாள். கால் மரத்துப்போனது. யாரும் வரவில்லை.

திடீரென்று சத்தம் வந்தது. பீப், பீப், பீப், பீப். பிறகு பூட்டு திறக்கும் மெட்டு.

கும்ரான் எட்டிப் பார்த்தாள். கதவுக்கு வெளியே ஈ காக்கை இல்லை. ஆனால் பூட்டு திறந்த சத்தம் தெளிவாகக் கேட்டது. உள்ளே நுருங்ஜி வெறி பிடித்ததுபோல் குரைத்தது. அந்த நேரம் பார்த்து, கலைந்த தலையும் வீங்கிய கண்ணுமாக வொன்ஜே கீழேயிருந்து வந்தான். அவள் வீட்டு மணியை அழுத்த விரலை நீட்டினான். கும்ரான் நாலு படியை ஒரே தாவலில் தாண்டி அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள்.

"மாட்டினியா! மாவுக்குத் தப்பிச்சே, என்கிட்டத் தப்ப முடியுமா?"

"ஐயோ! எந்த மாவு? விடுங்க ஆன்ட்டி!"

"யாருடா உனக்கு ஆன்ட்டி? அக்கா, இங்க வாங்க! திருடனப் பிடிச்சிட்டேன்!"

வீட்டுக்காரம்மா கரண்டியோடு இறங்கி வந்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து மறுபடியும் கேட்டது. பீப், பீப், பீப், பீப். கும்ரானின் பிடியில் நின்ற வொன்ஜேயின் இரண்டு கைகளும் மேலே தூக்கியபடி இருந்தன.

"இப்ப அழுத்தினது யாரு?" என்றாள் வீட்டுக்காரம்மா.

கும்ரான் ஒரு கையால் அவன் சட்டையைப் பிடித்தபடியே, மறுகையால் எண்களை அழுத்திக் கதவைத் திறந்தாள். நுருங்ஜி கதவைப் பார்த்து நிற்கவில்லை. டிவியைப் பார்த்து நின்றது. திரையில், நீலக் கோட்டுப் போட்ட மருமகள் ஒருத்தி பெட்டியோடு மாமியார் வீட்டுக்குள் நுழைந்துகொண்டிருந்தாள். நுருங்ஜி அவளைப் பார்த்துக் குரைத்தது. அவள் திரையை விட்டு நகர்ந்ததும் டிவிக்குப் பின்னால் ஓடி, வயர்களுக்கு நடுவே மூக்கை விட்டு அவளைத் தேடியது. மறுபடி முன்னால் வந்தது. மாமியார் வந்தாள், அவளையும் பார்த்துக் குரைத்தது.

"அடப்பாவி, சீரியல்ல வர்ற பூட்டா! எல்லா வீட்டுப் பூட்டும் ஒரே மாதிரிதானே பாடுது!" வீட்டுக்காரம்மா கரண்டியோடு சுவரில் சாய்ந்து சிரித்தாள்.

"பழைய டிவிய இது ஏறெடுத்தும் பாக்காதே," என்றாள் கும்ரான் மெதுவாக. சட்டையை இன்னும் விடவில்லை.

"டப்பா டிவி நாய் கண்ணுக்கு விட்டு விட்டு மினுக்குற மாதிரிதான் தெரியுமாம். இதுல ஆளு நிஜமாவே நடக்குற மாதிரி இருக்கும். நீலமும் மஞ்சளும் வேற நல்லாத் தெரியுமாம். எங்கயோ படிச்சேன்," என்றான் வொன்ஜே. "சட்டைய விட்டீங்கன்னா நான் போய்த் தூங்குவேன். உங்க நாய் அப்படியே உங்கள மாதிரி."

டிவியை அணைத்துவிடலாம் என்றாள் வீட்டுக்காரம்மா. அணைத்தார்கள். நுருங்ஜி வாசலில் உட்கார்ந்து ஊளையிட்டது. அது குரைப்பதைவிட மோசம். வேறு சேனல் வைத்துப் பார்த்தார்கள். மாடு வந்தது, குரைத்தது. பந்தாட்டம் வந்தது, பந்தைத் துரத்தித் திரையில் முட்டிக்கொண்டது. கடைசியில் போனில் ஆர்டர் எடுத்துப் பொருள் விற்கும் சேனலில் ஒரு பெண் கருவாட்டை வறுத்துக்கொண்டே இருந்தாள். நுருங்ஜி முன்னங்கால்மேல் தலையை வைத்துப் படுத்துவிட்டது. அந்தச் சேனலில் யாரும் கதவைத் திறந்து வீட்டுக்கு வருவதில்லை.

அந்த மாதம் குரைப்புச் சத்தமே இல்லை. "நாய் இருந்துட்டுப் போகட்டும்" என்று வீட்டுக்காரம்மா சொல்லிவிட்டாள். கும்ரான் வொன்ஜேக்கு ஊறுகாய்போல் புளிக்கவைத்த முள்ளங்கிக் கிம்ச்சி ஒரு டப்பா கொண்டுபோய்க் கொடுத்தாள். அவன் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தான்.

"என்ன, விஷம் வச்சிருக்கேன்னு பாக்கிறியா?"

"உங்ககிட்டக் கத்துக்கிட்டதுதான்."

எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் அவள் நினைத்தாள். ஆனால் அடுத்த நாள் வேலை முடிந்து வந்து எண்களை அழுத்தியபோது, கதவுக்குப் பின்னால் கால்நகங்களின் சத்தம் கேட்கவில்லை. உள்ளே போனாள். நுருங்ஜி படுத்த இடத்திலிருந்தே தலையைத் தூக்கி முதலில் டிவியைப் பார்த்தது. அதில் யாரும் வரவில்லை என்று உறுதி செய்துகொண்டது. பிறகு கும்ரானைப் பார்த்தது. மெதுவாக வந்து, அவள் நீட்டிய கையை விரல் விரலாக முகர்ந்தது. அவள் பாலை முகர்வதைப் போலவே முகர்ந்தது. எல்லாம் முடிந்த பிறகுதான் வால் ஆடியது.



இப்போதெல்லாம் அவள் வந்ததும் பூட்டைத் தொடுவதில்லை. கதவில் வாயை வைத்து, "நுருங்ஜி! நான்தான்டா, நிஜமாவே நான்தான்!" என்று முதலில் கத்துகிறாள். உள்ளே நகங்கள் தரையில் ஓடி வருகிற சத்தம் கேட்ட பிறகுதான் எண்களை அழுத்துகிறாள்.

கீழேயிருந்து வொன்ஜேயின் குரல் வருகிறது. "இப்ப நீங்க குரைக்கிறீங்கக்கா!"